எண்ணூற்று ஒன்றாவது ஆள்

2025 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேகம் இல்லை, காற்றும் இல்லை. கைபேசி முப்பத்தேழு டிகிரி என்று காட்டியது. தார் ரோட்டோரம் நின்றிருந்த எனக்கு அது குறைத்துச் சொல்வதாகப் பட்டது. அந்த நிமிடத்தில்தான் என் விரலில் மாட்டியிருந்த, ஆள் எண்ணும் கருவி எண்ணூறு என்று காட்டியது. நான் மூங்கில் கம்பைக் குறுக்கே இறக்கி, எங்கள் அம்மன் கோயில் பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்த மைதானத்தின் வாசலை அடைத்தேன்.

கோயில் கோச்சடையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கருவறை, அதற்கு முன்னால் பத்துப் பேர் நெருக்கி நிற்க ஓர் இடம், அவ்வளவுதான். அதனால் பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் உற்சவ அம்மனைப் பக்கத்திலிருக்கும் மாநகராட்சி மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பந்தலில் வைப்போம். தீச்சட்டி நேர்ந்துகொண்டவர்கள் வைகைக் கரையில் குளித்து, அங்கிருந்து சட்டியை ஏந்தி நடந்து வந்து, அந்தப் பந்தலில்தான் இறக்குவார்கள். இத்தனை வருடமும் மாநகராட்சிக்கு ஒரு மனு, காவல் நிலையத்துக்கு ஒரு மனு, அத்தோடு சரி. கலந்துகொள்வோர் எத்தனை பேர் என்ற இடத்தில் ‘பொதுமக்கள்’ என்று எழுதிக் கொடுப்போம். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

இந்த முறை வாங்கவில்லை. வெளியூர்களில் கூட்ட நெரிசலில் ஆட்கள் இறந்த செய்திகள் பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம். அதிகாரிகள் மைதானத்தை அளந்து பார்த்துவிட்டு நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் எண்ணூறு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. வருவதற்கு ஒரு வழி, போவதற்கு வேறு வழி. உள்ளே எத்தனை பேர் என்று எப்போது கேட்டாலும் சொல்வதற்கு ஒரு பொறுப்பாளர். மீறினால் விழாவை நிறுத்துவார்கள். அடுத்த வருடம் அனுமதி கிடையாது.

கமிட்டித் தலைவர் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். அவர் அனுமதிக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தார்.

“எண்ணூறா? பானகம் குடிக்கவே ஆயிரம் பேரு வருவான்” என்றார் ஒருவர்.

“எண்ணூறுங்கிறது அம்மனச் சேத்தா, சேக்காமயா மாப்ள?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. “ஒரே நேரத்துல எண்ணூறுன்னுதான போட்டிருக்கு. போறவுக போகப் போக வாரவுகள விடலாம். பொழுதுக்கும் பாத்தா நாலாயிரம் பேரு வந்துட்டுப் போகலாம்” என்று விளக்கினேன். இதை நானே சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

தலைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “அப்ப பொறுப்பாளர் நீங்கதான் சார். ஒங்கள விட்டா இந்த ஏரியாவுல எண்ணுறதுக்கு யாரு இருக்கா?”

“டிக்கெட்ட எடுத்து வச்சுக்கங்கடா, செக்கிங் வாராரு” என்றது அதே பின்வரிசைக் குரல்.

பி.காம். முடித்துவிட்டு, அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். கொட்டாம்பட்டி போகும் வண்டியில் பின்படியில் ஏறி முன்படியை அடைவதற்குள் தலைகளை எண்ணி முடித்துவிடுவேன். கண்டக்டர் கணக்கும் என் கணக்கும் மோதினால் பெரும்பாலும் என்னுடையதுதான் நிற்கும். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமாகியும் பழக்கம் போகவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் இலைகளை எண்ணுவேன். டாக்டர் வீட்டில் எனக்கு முன்னால் இருப்பவர்களை எண்ணி, ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று பெருக்கி, கவலைப்படுவேன். என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். கமிட்டி இதை ஒரு தகுதி என்றது. எழுபத்து நான்கு வயதில் தகுதி என்று ஒன்றை யாராவது சொன்னால் பிடித்துப்போகிறது.

என் மனைவி அம்மன் நாமம் சொல்லும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தாள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் விற்பதுதான். ஒரு தரம் அமுக்கினால் ஒன்று கூடும். அதை இரவல் வாங்கினேன். அதில் கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. நாமம் சொல்கிறவர்களுக்குக் கழிக்கிற வேலை என்ன? அதற்கு ஒரு வழி செய்தேன். வெளியே போகும் வழியில் தலைவரின் மச்சினனை உட்கார வைத்தேன். போகிறவர்களை அவர் எண்ணி, அரைமணிக்கு ஒரு தரம் எனக்கு போன் செய்ய வேண்டும். அவர் நாற்பது பேர் போனதாகச் சொன்னால், அடுத்து வரும் நாற்பது பேரை நான் கருவியை அமுக்காமல் உள்ளே விடுவேன். கணக்கு நேராகிவிடும்.

எட்டு மணிக்கு போன் வந்தது. எட்டரைக்கு வந்தது. ஒன்பதுக்கு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. ஒன்பதரைக்கு நானே கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. பத்துக்கும் அப்படித்தான். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். பானக அண்டாவுக்கு ஆள் போதவில்லை என்று யாரோ கூப்பிட, எழுந்து போய் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் அம்மன் காரியம்தான். நான் யாரையாவது அனுப்பிப் பார்த்திருக்கலாம். அனுப்பவில்லை. போன் வராததால் யாரும் போகவில்லை என்று வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

பத்து மணி சுமாருக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண்.

“உள்ள எத்தன பேரு இருக்காங்க ஐயா?”

நான் விரலைப் பார்க்காமலே “எழுநூத்திப் பதிமூணு” என்றேன்.

“இப்படி எல்லாக் கோயில்லயும் ஒரு ஆளு இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது” என்று சொல்லிவிட்டு, எதிர்ப்புறம் மரத்தடியில் நின்ற ஜீப்புக்குப் போனார். அதை மனதுக்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மூங்கிலை இறக்கியபோது யாரும் பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. கொஞ்சம் பேர் முணுமுணுத்தார்கள். கொஞ்சம் பேர் நிழல் தேடிப் போனார்கள். பத்து நிமிடம் கழித்து, ரோட்டு முனையில் உறுமிச் சத்தம் கேட்டது. சட்டி வருகிறது என்று கூட்டம் விலகியது.

அந்த வருடம் இருபத்திரண்டு சட்டி. இருபத்தொன்று முன்பே வந்து இறங்கிவிட்டன. இது கடைசி. ஏந்தி வந்தவர் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் பெண். என் மனைவியின் ரவிக்கைகள் அவர் தைப்பவை. கணவர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போய், எழுந்து நடப்பாரா என்று ஆகிவிட்டது. நடந்துவிட்டால் மூன்று வருடம் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அந்தப் பெண் நேர்ந்துகொண்டார். கணவர் நடந்தார். இது மூன்றாவது வருடம். இந்தச் சட்டி பந்தலில் இறங்கினால் நேர்த்திக்கடன் தீர்ந்தது. முந்தைய இரண்டு தடவையும் ஆட்டோவில் வந்து காத்திருந்த கணவர், இந்தத் தடவை ஆற்றங்கரையிலிருந்து கூடவே நடந்து வருவேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். அவர் நடைக்குத் தக்கபடி இவரும் நடந்ததால்தான் நேரமாகிவிட்டது.

“கம்ப எடுங்க ஐயா, சட்டி வருது” என்றார் முன்னால் வந்த உறுமிக்காரர்.

“எண்ணூறு ஆயிருச்சு. கொஞ்சப் பேரு வெளிய போகவும் விடுறேன். நில்லுங்க.”

“சட்டியக் கையில வச்சுக்கிட்டு எங்கிட்டு நிக்கிறது?”

தீச்சட்டியை வழியில் இறக்கி வைக்கக் கூடாது. இன்னொருவர் கையில் கொடுக்கவும் கூடாது. தீயும் அணையக் கூடாது. நடக்கும்போது காற்று பட்டு வெக்கை பின்னால் போகும். நின்றால் முகத்துக்கு நேரே எழும்பும். இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை.

கணவர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சார், நாங்க யாரும் வரல. இங்கிட்டே நின்னுக்கிறோம். அவள மட்டும் விடுங்க. ஒரு ஆளுதான சார்.”

“ஒண்ணுன்னாலும் எண்ணூத்தி ஒண்ணு” என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெண், “யோவ் பெருசு, இதென்ன பஸ்ஸா, படியில ஆள எறக்கிவிட?” என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் இறுக்கிவிட்டது.

உள்ளேயிருந்து ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பனியனும் மஞ்சள் வேட்டியும் கட்டிய கனத்த ஆள். “அண்ணே, நான் வெளிய வாரேன். அந்தப் புள்ளய உள்ள விடுங்க. கணக்கு சரியாப் போகும்ல?”

“இது வார வழி. போற வழி அங்கிட்டு இருக்கு. அங்கிட்டுத்தான் போகணும்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெளியே போகும் வழியை நோக்கி மைதானத்தின் குறுக்கே ஓடினார்.

அவர் ஓடுவதைத் திரும்பிப் பார்த்தேன். யார் மேலும் இடிக்காமல், யாருக்கும் ஒதுங்காமல், நேர்கோட்டில் ஓடினார். எண்ணூறு பேர் நிற்கும் இடத்தில் ஒருவர் அப்படி ஓட முடியாது. பந்தலுக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் முக்கால்வாசி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பானக அண்டா அருகே மட்டும் ஒரு கூட்டம். முப்பத்தோரு வருடம் தலைகளை எண்ணிய கண்ணுக்கு ஒரு பார்வை போதும். எனக்குத் தெரிந்துவிட்டது. கருவி தவறு, கண் சரி.

கம்பைத் தூக்கியிருக்கலாம். தூக்கினால், பத்து மணிக்கு அந்த அதிகாரியிடம் சொன்ன எண் பொய் என்றாகும். அவர் ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். போன் வரட்டும், கழித்துச் சரிசெய்துகொண்டு முறையாகத் திறக்கலாம் என்று ஒரு யோசனை. ஒரு கையால் மூங்கிலைப் பிடித்தபடி இன்னொரு கையால் மறுபடி மச்சினனின் எண்ணைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். மணி அடித்தது.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே சட்டியை வலது கைக்கு மாற்றினார், இடது கைக்கு மாற்றினார். அடியில் பிடித்திருந்த வேப்பிலை கருகிப் பொடிந்துகொண்டிருந்தது. யாரோ புது இலை சொருகினார்கள். யாரோ அவர் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். தீ அணைந்துவிடக் கூடாதென்று ஒருவர் விறகுச் சிம்புகளைப் போட்டார். அந்தப் பெண் கண்ணை மூடி உதடு அசைய நின்றார்.

ஒன்பது நிமிடம் நின்றார். பிறகு, தேங்காய் உடைவதுபோல் ஒரு சத்தம். சட்டியின் ஒரு பக்கம் விண்டு கங்குகளோடு ரோட்டில் விழுந்தது. மீதிப் பாதியை அவர் விடவில்லை. இடது மணிக்கட்டில் கங்கு பட்டும் விடவில்லை. உறுமி நின்றுவிட்டது. அப்போதும் என் காதில் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். உள்ளே ஒரு பார்வை, என் மேல் ஒரு பார்வை. அதட்டவில்லை. “எண்ணூறு பேரு எங்க ஐயா இருக்காங்க?” என்று மெதுவாகக் கேட்டார். நான் எண்ணினேன். “முன்னூத்தி நாப்பது” என்றேன். அவரே கம்பைத் தூக்கினார்.

அந்தப் பெண் பாதிச் சட்டியோடு பந்தலுக்குப் போனார். பூசாரி வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் உடைந்த சட்டி இறங்கிய கணக்கில் வராது என்பது எங்கள் கோயில் வழக்கம். அதைப் பூசாரி வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கருவியைக் கழற்றி மனைவியிடம் நீட்டினேன். விஷயம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. “அந்த மேச மேல வைங்க” என்றாள். அதற்குப் பிறகு அவள் நாமத்தை விரல் கணுக்களில்தான் எண்ணுகிறாள்.

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியது. எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. சாமி காரியத்தில் பிசகு செய்தவர் சபையில் ஒப்புக்கொண்டு, அம்மன் முன்னால் விழுந்து, பெரியவர்கள் சொல்லும் குத்தப் பணத்தைத் தட்டில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கக் கூடாது. படித்தவன் என்ற நினைப்பில் இதை நான் பல தடவை கேலி பேசியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு வேண்டியிருந்தது. எழுந்து நின்றேன்.

“தப்பு என்னோடது. உள்ள பாதிக்கு மேல எடம் இருந்துச்சு. நான் பாத்துட்டேன். பாத்தும் விடல.”

தலைவர் கையமர்த்தினார். “சார், நீங்க ஒக்காருங்க. ஒங்க மேல என்ன குத்தம்? பெர்மிட்டுல உள்ளபடிதான செஞ்சீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார்: “எண்ணிக்கையில தப்புன்னு நம்ம வாயாலயே சொன்னா, அடுத்த வருசம் எவன் சார் நமக்குப் பெர்மிட்டு குடுப்பான்? மினிட் நோட்டுல எழுதணும்ல?”

“சட்டியெல்லாம் ஒம்பதரைக்குள்ள வந்துரணும்னு மைக்குல சொன்னமா இல்லையா?” என்றார் இன்னொருவர். அவர் வேறு யாருமில்லை, தலைவரின் மச்சினன்தான்.

பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் கணவர் எழுந்தார். “என் காலு மெதுவாத்தான்ணே வரும். லேட்டு என்னாலதான். அவ மேல ஒண்ணும் இல்ல.”

இருநூற்று ஒரு ரூபாய் குத்தம் என்று முடிவானது. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். அம்மன் முன்னால் விழ வேண்டுமே. அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவர் தரைக்குப் போகவும், திரும்ப எழவும் இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. நான் எழுந்து, முதலில் சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். தலைவர் சொன்னார் என்பதற்காக உட்கார்ந்தவன், உட்கார்ந்தேதான் இருந்தேன். சட்டி உடைந்ததைவிட இதுதான் எனக்குத் தூக்கத்தில் வருகிறது.

மறுநாள் ஒரு கவரில் ஐயாயிரம் ரூபாய் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். மெஷின் மேல் உறை போட்டிருந்தது.

“ஆசுபத்திரிச் செலவுக்கு” என்றேன்.

“அதெல்லாம் ஆயிருச்சு சார். வேணாம்.”

“தப்பு என்னோடதும்மா. கூட்டத்துல சொன்னேன். யாரும் கேக்கல.”

“அவுக சொன்னாக” என்றார். கணவர் எனக்கு நாற்காலி போட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். திட்டியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். நின்றுகொண்டே இருந்தேன்.

“ஆடியில மறுபடி எடுக்குறேன் சார்” என்றார் அந்தப் பெண். “மைதானத்துக்கெல்லாம் வரல. சந்துக்குள்ள கோயில்லயே எறக்கிருவேன். அங்க பெர்மிட்டு, கணக்கு எதுவும் கெடையாதுல்ல.” குத்திக் காட்டுவதற்காகச் சொன்னதல்ல அது. ஊசியில் நூல் கோர்க்கக் கை ஒத்துழைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார். கவரோடு திரும்பி வந்தேன்.

குறைபட்ட நேர்த்தியைத் திரும்பச் செய்வதென்றால், சட்டியைச் சொந்தக் காசில் வாங்கக் கூடாது. மஞ்சள் சேலை கட்டி, வீடு வீடாகப் போய் மடிப்பிச்சை எடுத்து, அந்தக் காசில்தான் சட்டியும் விறகும் வாங்க வேண்டும். ஆடி பிறந்ததும் ஒரு காலையில் எங்கள் தெருவில் “தாயே, மடிப்பிச்சை” என்ற குரல் கேட்டது. ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். எங்களுக்கு முன்னால் பதினான்கு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் நிற்பதையும் நகர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவாரோ என்று பயந்தேன். தாண்டிப் போனால் அதுவும் நியாயம்தான் என்று சொல்லிப் பார்த்தேன், பயம் குறையவில்லை.

போகவில்லை. எங்கள் வாசலிலும் நின்று, எல்லா வீட்டிலும் சொன்னதையே, அதே குரலில் சொன்னார். மனைவி எழுந்தாள். நான் போகிறேன் என்று அதே கவரை எடுத்துக்கொண்டு போய், ஏந்திய மடியில் போட்டேன். அவர் அதை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார். மணிக்கட்டில் தழும்பு வெளுத்திருந்தது.

“எல்லா வீட்டுலயும் பதினோரு ரூவாதான் சார் வாங்குறேன். கூடக் கொறைய வாங்குனா அது பிச்சையாகாது.”

என்னிடம் சில்லறை இல்லை. உள்ளே போய் மனைவியிடம் கேட்டேன். ஒரு பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் கொடுத்தாள். கொண்டுவந்து மடியில் போட்டேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

ஆடி வெள்ளியன்று சட்டி சந்துக்குள் கோயிலில் நல்லபடியாக இறங்கியது என்று மனைவி வந்து சொன்னாள். நான் போகவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதினேழு நாள் தையல் வருமானம் போயிற்று. கணவருக்கு, தன் மேல் இல்லாத குத்தத்துக்கு இருநூற்று ஒரு ரூபாய் போயிற்று. எனக்கு ஆன மொத்தச் செலவு பதினோரு ரூபாய்.